‘பௌத்தம்’ என்று தேடினால் கிடைக்க வேண்டும்

எங்கள் கல்லூரித் தமிழ்த்துறை 2003 முதல் ஆண்டுக்கு இருமுறை வெளியிட்டுவந்த ஆய்விதழை இணையத்தில் ஏற்றும் பொறுப்பு 2022 ஜூனில் என்னிடம் வந்தது. மொத்தம் 38 இதழ்கள். ஒவ்வொன்றிலும் அச்சடித்தவை 300 படிகள்தாம். அவற்றிலும் பெரும்பகுதி துறை அலமாரியைத் தாண்டவில்லை. ஒரு மாத வேலை என்றார்கள். இரண்டரை ஆண்டு ஆயிற்று. இதே வேலையைத் தொடங்கப்போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

மென்பொருள் எளிதாகவே அமைந்தது. ‘ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ்’ இலவசமானது. கனடாவில் பேராசிரியர் ஜான் வில்லின்ஸ்கி தொடங்கிய திட்டத்தில் உருவானது. கட்டுரை பெறுவது, மதிப்பீட்டாளருக்கு அனுப்புவது, திருத்துவது, வெளியிடுவது எல்லாம் அதிலேயே நடக்கும். கணினித்துறை நண்பர் இரண்டு நாளில் நிறுவிக் கொடுத்துவிட்டார்.

எழுத்துருவில்தான் மாட்டிக்கொண்டோம். பழைய இதழ்களில் பெரும்பாலானவை பாமினி எழுத்துருவில் தட்டச்சானவை. கண்ணுக்கு அழகான தமிழ். கணினிக்கோ அது தமிழே அன்று. ‘தமிழ்’ என்ற சொல் அதற்குள் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கிலக் குறிகளாகக் கிடக்கிறது. அச்சகத்தார் தந்த பிடிஎஃப் கோப்புகளை அப்படியே ஏற்றியிருந்தால் இதழ் இணையத்தில் இருந்திருக்கும். எந்தத் தேடுபொறிக்கும் அகப்பட்டிருக்காது. ‘இணைய இதழ்’ என்ற பெயரில் இன்றும் இதைத்தான் பலர் செய்கிறார்கள். பூட்டிய அலமாரியை வாசலில் கொண்டுவந்து வைப்பதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

தமிழ் எழுத்துகளைக் கணினி தமிழாகவே அறியும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றும் நிரலில் இட்டபோது ஆங்கிலத்தில் இருந்த ஆய்வுச்சுருக்கங்களும் சேர்ந்து மாறின. ஆங்கிலச் சுட்டிடைச்சொல் ‘தி’ வந்த இடமெல்லாம் ‘வாந’ என்று நின்றது. அது பார்த்தவுடன் தெரியும் பிழை, களைந்துவிட்டோம். தெரியாத பிழைதான் ஆபத்து. ‘பௌத்தம்’ என்பது ‘பெளத்தம்’ ஆகியிருந்தது. ஔகாரக் குறியின் இடத்தில் ஒற்றைக்கொம்பும் ளகரமும். படிக்கிறவர் கண்ணில் படாது. ஆனால் சரியாகத் தட்டச்சிட்டுத் தேடுகிற மாணவருக்குக் கட்டுரை கிடைக்காது. சரி, ‘ெள’ வருமிடமெல்லாம் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம் என்று முயன்றோம். ‘வெள்ளி’ ‘வௌ்ளி’ ஆயிற்று, ‘தெளிவு’ம் குலைந்தது. பிறகு 400க்கும் மேற்பட்ட கட்டுரைகளையும் முதுகலை மாணவர்கள் நால்வரும் நானும் வரிவரியாக மெய்ப்புப் பார்த்தோம். இந்த வேலைக்குக் குறுக்குவழி கிடையாது. இதற்கென்று ஓராண்டை ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

இதழ்களை அடையாளம் காட்டும் பன்னாட்டு எண்ணான ஐஎஸ்எஸ்என் அச்சிதழுக்கு ஏற்கெனவே இருந்தது. இணையப் பதிப்புக்குத் தனி எண் வேண்டும். தில்லியிலுள்ள தேசிய மையத்தில் கட்டணமின்றித் தருகிறார்கள். இதழின் பெயர், பதிப்பாளர் முகவரி, ஆசிரியர் குழு ஆகியவை தளத்தில் தெளிவாக இருக்கட்டும். கட்டுரை ஒவ்வொன்றுக்கும் தரப்படும் டிஓஐ என்ற நிலையான அடையாள எண்ணுக்கு இப்போதைக்குப் போகவில்லை. அவ்வெண்ணைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பின் சிறு பதிப்பாளருக்கான ஆண்டுக் கட்டணமே அப்போது 275 டாலர். கட்டுரைக்குத் தனிக் கட்டணம் வேறு. துறையின் நிதிக்கு அது கட்டுப்படியாகவில்லை.

2018இல் யுஜிசி எனப்படும் பல்கலைக்கழக மானியக் குழு தான் ஏற்ற ஆய்விதழ்களின் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியதிலிருந்து, இணைய இதழ் என்றாலே பணம் வாங்கிக்கொண்டு போடுவது என்ற ஐயம் பலருக்கு இருக்கிறது. அந்த ஐயம் நியாயமானது. ஆகவே கட்டணம் இல்லை என்பதையும், ஒவ்வொரு கட்டுரையையும் இருவர் படிக்கிறார்கள் என்பதையும் முகப்பிலேயே எழுதிவைத்தோம்.

2023 நவம்பரில் எங்கள் தளத்துக்கு இடமளித்திருந்த வழங்கி (சர்வர்) ஒன்பது நாள் முடங்கியது. நிறுவனத்திலிருந்து பதிலே வரவில்லை. மெய்ப்புப் பார்த்த இரண்டு இதழ்கள் போயின. மாணவர் ஒருவரின் பென்டிரைவில் படி இருந்ததால் மீண்டன. ஒரே ஏடு ஊருக்கொரு வீட்டில் படியெடுக்கப்பட்டிருந்ததால்தான் நம் சுவடிகள் பல தப்பின என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவன் நான். அதைத்தான் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த ‘லாக்ஸ்’ முறையும் செய்கிறது: பல நூலகங்களில் பல படிகள். ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் இதழ்களுக்கு அம்முறையில் இயங்கும் காப்பு வலையமைப்பு இலவசமாகவே உண்டு. தளம் மீண்ட அன்றே அதில் சேர்ந்தோம். நீங்கள் முதல் நாளே சேர்ந்துவிடுங்கள்.

கட்டுரையாளர்களிடம் இசைவு பெற்றதைச் சொல்ல வேண்டும். அச்சுக்காலத்தில் எவரிடமும் எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. காப்புரிமை அவர்களுடையது, மறைந்தவர்களின் உரிமை, மறைவுக்குப் பின் 60 ஆண்டு வரை வாரிசுகளுக்கு. கடிதம், தொலைபேசி, நேரில் என்று ஏழு மாதம் அலைந்தேன். மறுத்தவர் ஒருவர் மட்டுமே. எண்பதைக் கடந்த ஓய்வுபெற்ற பேராசிரியர். “அந்தக் கட்டுரையில் கல்வெட்டு ஒன்றின் காலத்தைத் தவறாகக் கொண்டுவிட்டேன் தம்பி. அதை மறுபடி ஊரெல்லாம் படிக்க வேண்டாம்” என்றார். கட்டுரையை அப்படியே வைத்து, திருத்தத்தைத் தனிக் கட்டுரையாக எழுதினால் இரண்டையும் இணைப்பால் கோக்கலாம் ஐயா என்றேன். பழையதைத் திறப்பவர் கண்ணில் முதலில் புதியதுதான் படும் என்று கைப்பேசியில் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் பதிவுத் தபாலில் கையெழுத்தில் பதினொரு பக்கம் வந்தது, இசைவுக் கடிதத்தோடு. அதையும் மதிப்பீட்டாளர் இருவருக்கு அனுப்பியிருக்கிறேன்.