இரவு வண்டியில் கடிதம் பிரித்தவன் பார்த்த ‘நைட் மெயில்’

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஸ்காட்லாந்துக்கு இரவெல்லாம் ஓடிய அஞ்சல் ரயிலைப் பற்றி, பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் திரைப்படப் பிரிவு 1936இல் வெளியிட்ட ‘நைட் மெயில்’ என்ற படம் அரை மணி நேரம்கூட ஓடாது. ஹாரி வாட், பேசில் ரைட் ஆகிய இருவரும் இயக்கிய அந்தப் படத்தை, ஆர்.எம்.எஸ். எனப்படும் ரயில் அஞ்சல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகுதான் பார்த்தேன். ஓடும் வண்டியில் ஊர்வாரியாகக் கடிதம் பிரித்தே குடும்பத்தை நடத்திய எனக்கு, அது அயல்நாட்டுப் படமாகத் தோன்றவே இல்லை.

கடிதம் பிரிக்கும் ஊழியர்களான சார்ட்டர்கள் வரிசையாக நின்று அடுக்கு அறைகளில் கடிதங்களைச் செருகும் காட்சி, ஸ்டுடியோவில் அமைத்த அரங்கில் எடுக்கப்பட்டது. நடித்தவர்கள் உண்மையான அஞ்சல் ஊழியர்கள். வண்டி ஓடுவதுபோலத் தெரிவதற்காக அவர்களை லேசாக ஆடச் சொல்லியிருக்கிறார்கள். இதை அறிந்த பின் மறுபடியும் பார்த்தபோதும் அந்த அசைவில் எனக்குக் குறை தெரியவில்லை. இரவு முழுவதும் நின்று வேலை செய்தவனுடைய கால்கள், வீட்டுத் திண்ணையில் வந்து நின்ற பிறகும் அப்படித்தான் ஆடும்.

தோல்பையை வெளியே விடும் காட்சிதான் மனத்தில் ஆழப் பதிந்தது. வண்டி வேகம் குறையாமலே பாதையோரத்து வலையில் பை விழவேண்டும், வெளியே கும்மிருட்டு. இரண்டு பாலங்களைக் கடந்த பின், சக்கரம் தண்டவாள இணைப்பில் தட்டும் ஓசையை 45 வரை எண்ணவேண்டும் என்று பழகியவர் புதியவருக்குச் சொல்லித்தருகிறார். எங்கள் வண்டியில் வலை கிடையாது, நிலையத்தில் நின்றே பை இறக்கினோம். ஆனாலும் காதால் ஊரறியும் பழக்கம் எங்களுக்கும் இருந்தது. சென்னையிலிருந்து வரும் வண்டி அரியலூர் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் ஏறும் ஓசை கேட்டதுமே, திருச்சிப் பையின் வாயைக் கட்டி, லேபிள் வைத்து, அரக்கு முத்திரையிடத் தொடங்கிவிட வேண்டும். ஸ்ரீரங்கத்துக்கு அப்பால் காவிரிப் பாலமும் வந்துவிட்டால், ஒரு கார்டைக்கூட அதில் சேர்க்க முடியாது.

விலாசங்களைப் பற்றிப் படம் அதிகம் பேசவில்லை. எங்கள் வேலையில் பாதி அதுதான். 1972 ஆகஸ்ட் 15 அன்று பின்கோடு வந்த பிறகும், வெறும் ‘புதூர்’ என்று எழுதிய இன்லண்ட் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. மூத்த சார்ட்டர் ஒருவர், அனுப்புநர் விலாசத்தையும் தெருப் பெயரையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்து, “இது துறையூர்ப் பக்கத்துப் புதூர், தம்பி” என்று என்னிடம் நீட்டுவார். பட்டாளத்துக்குப் போகும் கடிதங்களிலோ ஊர்ப்பெயரே இருக்காது. பெயர், எண், படைப்பிரிவு, ‘56 ஏ.பி.ஓ.’ என்ற ராணுவ அஞ்சலகக் குறி, அவ்வளவுதான். மகன் எந்த மலையில் நிற்கிறான் என்பது எழுதிய தாய்க்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. வேலை எவ்வளவு நெருக்கினாலும் அந்தக் கடிதக் கட்டை யாரும் நாளைக்கென்று ஒதுக்கியதில்லை.

பிரிட்டனில் ஓடும் வண்டியில் கடிதம் பிரிப்பது 2004 ஜனவரியில் முடிவுக்கு வந்தது. எங்கள் வண்டிகளிலும் அந்த வேலை நின்றுபோயிற்று.

படத்தின் இறுதிப் பகுதியில், பெஞ்சமின் பிரிட்டனின் இசையோடு டபிள்யூ. எச். ஆடனின் கவிதை சக்கரங்களின் ஓட்டத்தைப் பிடித்துக்கொண்டு விரைகிறது. தான் மறக்கப்பட்டதாக உணர்வதை யாரால் தாங்க முடியும் என்று கேட்டு முடிகிறது. அந்தக் கேள்விக்குப் பின்னும், கடிதம் கிடைத்து மகிழும் ஒரு முகத்தைத் தேடி கேமரா போகவில்லை. சிலருக்கு இது குறையாகப் படலாம். எனக்கு அதுவே சரியென்று தோன்றுகிறது, ஏனென்றால் வண்டியில் நின்றவர்கள் யாரும் அந்த முகத்தைப் பார்த்ததில்லை.