காய்ச்சல் விட்ட பிறகு

"காய்ச்சல் இருந்தப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகல, விட்டப்புறம் எதுக்குண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு, மருந்தாளுநரான நான் சொன்ன பதில் சரியானதுதான். அது அவருக்குப் பதிலாகப் பட்டிருக்குமா என்பதில்தான் இன்றும் ஐயம்.

ஐப்பசி மழையில் கடைக்கு வந்தவர், கணவருக்கு நேற்றே காய்ச்சல் விட்டுவிட்டதாகவும் உடம்பு வலிக்கு மட்டும் ஒரு வேளைக்கு மாத்திரை போதும் என்றும் சொன்னார். எத்தனை நாள் காய்ச்சல் என்றேன், ஐந்து நாள். சாப்பிடுகிறாரா என்றேன், வயிற்று வலி என்று சுருண்டு கிடக்கிறார், குடித்த கஞ்சியும் தங்கவில்லை என்றார். டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை அட்டையின் பக்கம் போன கையை இழுத்துக்கொண்டேன்.

"விட்டதனாலதாம்மா இப்பவே கூட்டிட்டுப் போகச் சொல்றேன்" என்றேன். டெங்குவாக இருந்தால், பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் சூடு இறங்கும் வேளையில்தான் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம்தான் கண்டம். விடாத வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் இரத்தம், கை கால் சில்லிடுதல், இவற்றில் எது தென்பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், ஆஸ்பிரின் ஆகியவை இரத்தப்போக்கு அபாயத்தைக் கூட்டும். இவ்வளவையும் கூட்டத்துக்கு நடுவே கடகடவென்று சொல்லி முடித்தேன். அவர் இருபது ரூபாய்த் தாளை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, "மாத்திரை இல்லேன்னா இல்லேன்னு சொல்லுங்கண்ணே" என்று இறங்கிப் போனார்.

பாராசிட்டமாலாவது கொடுத்திருக்கலாமே என்று மனம் கேட்கிறது. அளவோடு கொடுத்தால் டெங்குவிலும் அதற்குத் தடையில்லை. ஆனால் மாத்திரை கைக்கு வந்திருந்தால் அன்றிரவு அவர்கள் வீட்டைவிட்டு நகர்ந்திருக்கவே மாட்டார்கள். அப்படியென்றால் நான் செய்தது சரி. ஆனாலும் நாலு கடை தள்ளி, எதுவும் கேட்காமல் வலி மாத்திரையும் சேர்த்து 'செட்டு' போட்டுக் கொடுப்பவர்கள் இருக்கும் தெருவில், வெறுங்கையோடு அனுப்பியது அவரை அங்கேதான் தள்ளியிருக்கும் என்றும் தோன்றுகிறது. அரசு மருத்துவமனையில் கட்டணமில்லை என்று சொல்வது எளிது. இருவரின் மறுநாள் கூலியை யார் கொடுப்பது?

இப்போதெல்லாம் பாராசிட்டமாலைக் கையில் கொடுத்துவிட்டே மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறேன். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். எத்தனை பேர் போகிறார்கள் என்பது கல்லாவுக்குப் பின்னால் நிற்கிற எனக்குத் தெரிவதில்லை.