ஒரு சிவன் கோயிலும் ஒரு வரைபடமும்

டாங்ரெக் மலை விளிம்பில் நிற்கும் பிரே விஹார் கோயிலை நினைத்தாலே மனசு கனக்கிறது. ஏறிப்போகச் சுலபமான பக்கம் தாய்லாந்து; கோயிலோ கம்போடியாவுடையது.

அன்று கம்போடியாவை ஆண்ட பிரான்சும் சயாமும் (இன்றைய தாய்லாந்து) செய்த 1904 ஒப்பந்தப்படி நீர்பிரி மேடுதான், அதாவது மழைநீர் இரு பக்கமும் பிரிந்து ஓடும் மலைமுகடுதான், எல்லை. ஆனால் அதன்பின் பிரெஞ்சு அதிகாரிகள் வரைந்த வரைபடம் கோயிலைக் கம்போடியாவுக்குள் காட்டியது. சயாம் மறுக்கவில்லை. 1930-இல் சயாம் இளவரசர் தம்ரோங் அங்கே போனபோது, பிரெஞ்சுக் கொடி பறக்க, பிரெஞ்சு அதிகாரி ஒருவர் நின்று வரவேற்றார். இளவரசர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனமும் சேர்ந்துதான் 1962-இல் சர்வதேச நீதிமன்றத்தில் தாய்லாந்துக்கு எதிராகத் திரும்பியது.

சரி, கோயில் யாருக்கு என்பது முடிந்தது. சுற்றியுள்ள நிலம்? 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் கோயில் சேர்ந்ததும் அது மறுபடி பற்றிக்கொண்டது.

2025 ஜூலையில் கண்ணிவெடியில் தாய்லாந்துச் சிப்பாய்கள் கால் இழந்தார்கள். அப்புறம் எல்லை நெடுக ஐந்து நாள் பீரங்கிச் சண்டை. லட்சக்கணக்கான ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். எனக்கு ஆறவே ஆறாதது இதுதான்: தாய்லாந்துப் பக்கம் சுரின், சிசாகெட் கிராமங்களில் பலர் வீட்டில் பேசுவதும் கம்போடியர்களின் மொழியான கெமர்தான்.