பரிசு விழுந்திருக்குன்னு மெசேஜ் வந்தா

"உங்க நம்பருக்கு கார் விழுந்திருக்கு"ன்னு மெசேஜ் வந்தா முதல்ல ஒன்னு யோசிங்க, நாம எந்தப் போட்டியிலயும் சேரவே இல்லையே, அப்புறம் எப்படி பரிசு வரும்? இப்படி மெசேஜ் அனுப்புறவங்க எடுத்ததும் பெருசா கேக்க மாட்டாங்க, கொஞ்சமா ப்ராசஸிங் சார்ஜ் கட்டுங்கன்னுவாங்க, கட்டினதும் வரின்னுவாங்க, அப்புறம் டெலிவரி செலவுன்னுவாங்க, ஏற்கனவே கட்டின காசு வீணாயிடக்கூடாதேன்னு ஜனங்களும் மேல மேல கட்டிட்டே போறாங்க, பாக்கவே வயிறு எரியுது. பரிச வாங்க முன்பணம் கேட்டாலே அது ஏமாத்து வேலைதான்.

லிங்க்ல பெரிய கம்பெனி பேரு இருக்குன்னு நம்பிடாதீங்க, ஒரு எழுத்து மட்டும் மாறியிருக்கும். பத்து பேருக்கு ஃபார்வர்ட் பண்ண சொன்னா கண்டிப்பா பண்ணாதீங்க, நம்மள வச்சே நம்ம சொந்தபந்தத்தையும் பிடிக்கிற வழி அது. பணம் வாங்குறதுக்கு ஓடிபியோ பின் நம்பரோ தேவையே இல்ல, நம்ம போன்ல தெரியறதையெல்லாம் அவங்க பாக்க வைக்கிற ஸ்க்ரீன் ஷேர் ஆப் போட சொன்னா உடனே போனை வச்சிடுங்க.

வீட்ல பெரியவங்க யாராவது ஏமாந்துட்டா தயவுசெஞ்சு திட்டாதீங்க, பயந்து மறைச்சாங்கன்னா இன்னும் பணம் போகும். உடனே பேங்குக்கு போன் பண்ணி அக்கவுண்ட்டை ப்ளாக் பண்ண சொல்லுங்க, அந்த மெசேஜை அழிக்காம ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைங்க, போலீஸ்ல புகார் குடுக்க வேணும்.