சருகு தள்ளும் திருகுக்கு ஷியர் பின்: போட்டுப் பார்த்தேன்

குலசேகரம் பக்கம் எங்கள் தோட்டத்தில், சருகையும் நறுக்கிய தென்னை ஓலையையும் சாணத்தோடு சேர்த்து கம்போஸ்ட் தொட்டிக்குள் தள்ளும் இரும்புத் திருகு ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். 1 எச்.பி. மோட்டார், வேகத்தை முப்பதில் ஒன்றாகக் குறைக்கும் 1:30 வார்ம் கியர்பாக்ஸ், 25 மி.மீ. தண்டு, அதன்மேல் குழாயில் பற்றவைத்த திருகு இலை. இவ்வளவும் பொருத்தியாகிவிட்டது. இந்த முறை செய்ததெல்லாம் தண்டையும் குழாயையும் பிணைக்கும் ஆணி வேலைதான். ஷியர் பின் என்பது இதுதான்: திருகு சிக்கினால் தான் அறுந்து கியரைக் காப்பாற்றும் ஆணி.

இந்த ஆணியைப் பற்றி என்னை யோசிக்க வைத்தது கனடாவில் இருக்கும் அண்ணனின் ஸ்னோ ப்ளோயர், அதாவது வாசல் பனியை அள்ளி எறியும் இயந்திரம். வாசலில் உறைந்து கிடந்த செய்தித்தாள் கட்டு ஒன்று அதன் ஆகரில் (பனியை அள்ளும் திருகில்) சிக்கி, ஒரு பக்கத்து ஷியர் பின் அறுந்துவிட்டது. "மக்கா, இதுக்குப் பதிலா நல்ல கட்டி போல்ட் ஒண்ணு போட்டா என்ன?" என்று கேட்டார். போடக்கூடாது என்று சொன்னேன். ஏன் என்று அவருக்கு விளக்கியபோதுதான் என் திருகுக்கும் அதே பதில் வேண்டியிருக்கிறது என்று புரிந்தது.

அவர் வைத்திருப்பது இரண்டு கட்ட இயந்திரம். முன்னால் ஆகர் மெதுவாகச் சுற்றிப் பனியை நடுவில் கூட்டும். பின்னால் இம்பெல்லர் வேகமாகச் சுற்றி அதை வெளியே எறியும். நடுவில் ஒரு வார்ம் கியர். இரும்பு வார்மோடு கடிக்கும் சக்கரம் பெரும்பாலும் வெண்கலம். இரண்டும் உரசி வழுக்கிக்கொண்டே ஓடுவதால் ஒன்று மென்மையாக இருந்தாக வேண்டும். கல்லோ பனிக்கட்டியோ ஆகரை நிறுத்தினால், பின் அறுபடாத பட்சத்தில் அந்த வெண்கலப் பற்கள்தான் போகும். இடது ஆகருக்கும் வலது ஆகருக்கும் தனித்தனிப் பின் இருக்கும், ஒன்று அறுந்தால் மற்றது சுற்றும்.

எல்லா ஸ்னோ ப்ளோயருக்கும் இது வேண்டும் என்பதில்லை. ரப்பர் துடுப்புள்ள சிறிய ஒற்றைக் கட்ட இயந்திரத்தில் பெல்ட் வழுக்கிவிடும், ரப்பர் வளைந்து கொடுக்கும். கடினப்படுத்திய பற்சக்கரம் வைத்து, பின் இல்லாமலே வரும் பெரிய இயந்திரங்களும் உண்டு. ஆனால் பின் வைத்து வடிவமைத்த இயந்திரத்தில் அதை எடுத்துவிட்டுக் கடின போல்ட் போடுவது, ஃபியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஆணியைச் செருகுவதற்குச் சமம். அமெரிக்க அளவு போல்ட்டில் தலையில் மூன்று கோடு இருந்தால் கிரேடு 5, ஆறு கோடு இருந்தால் கிரேடு 8; இரண்டும் கடின போல்ட்தான். தயாரிப்பாளர் சொன்ன பின்னை மட்டும் வாங்குங்கள் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

இனி என் திருகு. ரப்பர் தோட்டத்துச் சருகில் என்ன வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை விழுந்து கிடக்கும், அதைத் தாங்கிய கம்பி கிடக்கும், கல் கிடக்கும். ஆகவே பின் கட்டாயம் வேண்டும். எந்த அளவு என்பதைத்தான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

1440 ஆர்.பி.எம். மோட்டாரின் முறுக்கு விசை சுமார் 5 நியூட்டன் மீட்டர். அதை 30 மடங்காக்கி, வார்மின் உரசல் இழப்பைக் கழித்தால் தண்டில் ஏறத்தாழ 105 கிடைக்கும். திருகு சிக்கி நிற்கப் போகும் நேரத்தில் மோட்டார் அதைப்போல் இரண்டு, இரண்டரை மடங்கு வரை இழுக்கும். ஆகவே பின் 105-ஐத் தாங்க வேண்டும், 210-க்கு முன்பே அறுந்துவிட வேண்டும். 4.6 தர எஃகில் (சாதாரண மென்மையான போல்ட் தரம்) 6 மி.மீ. பின் 25 மி.மீ. தண்டின் குறுக்கே போனால் சுமார் 170-ல் அறும். 5 மி.மீ. போட்டால் 118-தான் வருகிறது. தினசரி ஓட்டத்திலேயே களைத்து அறுந்துவிடும். 6 மி.மீ.யிலேயே அதைவிட இரு மடங்கு வலுவான 8.8 தரம் போட்டால் 340. மோட்டார் இழுத்து அது அறாது, அதற்குள் கியர்பாக்ஸ் போய்விடும்.

மார்த்தாண்டத்து லேத் பட்டறையில் துளை போடக் கொடுத்தபோது பட்டறைக்காரர், "எட்டு புள்ளி எட்டு போடு தம்பி, ஆயுசுக்கும் உடையாது" என்றார். "இது உடையணுமாக்கும் அண்ணே" என்றேன். கணக்கைக் காட்டியதும் ஆர்வமாகிவிட்டார். துளையைச் சற்றுக் குறைவாகத் துளைத்து, ரீமர் (துளையைத் துல்லியமாகச் சீவும் கருவி) விட்டு 6 மி.மீ.க்குக் கொண்டுவந்தது அவர் யோசனை. துளை தளர்ந்தால் பின் முன்னும் பின்னும் ஆடி, சுமையே இல்லாமல் தேய்ந்து அறும். போல்ட்டின் மரையில்லாத பகுதி இரண்டு வெட்டுத் தளங்களையும் (தண்டும் குழாயும் சந்திக்கும், பின் அறும் இடங்கள்) தாண்டிப் போக வேண்டும் என்பதையும் பார்த்துக்கொண்டோம். மரை வெட்டுத் தளத்தில் விழுந்தால், எம்6 போல்ட்டில் விசை தாங்கும் பரப்பு 28-லிருந்து 20 சதுர மி.மீ.யாகக் குறைந்துவிடும், கணக்கு அத்தனையும் மாறிவிடும்.

பிறகு வேண்டுமென்றே சிக்க வைத்துப் பார்த்தேன். சிரட்டையைப் போட்டபோது நொறுக்கிக்கொண்டு போனது, பின்னுக்கு ஒன்றும் ஆகவில்லை. கதம்பை (தேங்காய் மட்டை) நார் சுற்றிக்கொண்டு சத்தம் கூடியது, அப்போதும் அறவில்லை. கருங்கல் சல்லியை இலைக்கும் தொட்டிச் சுவருக்கும் நடுவில் விட்டதும் டக் என்று ஒரே சத்தம். திருகு நின்றது, தண்டு மட்டும் குழாய்க்குள் சும்மா சுற்றியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கழற்றினேன். பின் மூன்று துண்டாக, கத்தியால் வெட்டியதுபோல் இருந்தது. கியர்பாக்ஸ் மூடியைத் திறந்து பார்த்தேன், வெண்கலப் பல் ஒன்றுகூட நசுங்கவில்லை. எனக்கு உண்மையிலேயே பெரிய சந்தோஷம்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு: பின் அறுந்ததும் குழாய் தண்டின்மேல் வழுக்க வேண்டும். துரு பிடித்து இரண்டும் ஒட்டிப்போனால் பின் இருந்தும் இல்லாத கணக்குதான். அண்ணன் ஊரில் சாலையில் தூவும் உப்பு அந்த வேலையைச் செய்யும். நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, சாண ஈரமும் கூட. அதனால் குழாயில் இரண்டு கிரீஸ் நிப்பிள் வைத்தாயிற்று. கிரீஸ் அடிக்கும்போது பின்னை எடுத்துவிட்டுத் தண்டைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கிறேன்.

அடுத்து, பின் அறுந்ததும் மோட்டார் தானாக நிற்க ஒரு சென்சார். திருகின் முனையில் காந்தம் ஒட்டி, சுற்று வரவில்லையென்றால் கான்டாக்டரை (மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சை) விடுவிக்கும்படி செய்யப் போகிறேன்.