ஆவாரை விதை முளைக்க

நாகமலை அடிவாரத்துச் சரளை மேட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரை, தோட்டத்தில் போட்டால் முளைக்காமல் கிடக்கும். காரணம் கெட்டியான விதைத்தோல். பழுப்பேறிக் காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுங்கள். பச்சைக் காய் உதவாது. உப்புத்தாளில் ஒரு பக்கம் லேசாகத் தேய்த்து இரவு முழுக்க ஊறவையுங்கள். உப்பியதை 1 செ.மீ. ஆழத்தில் ஊன்றலாம், உப்பாததை மறுபடி தேய்க்க வேண்டும்.

ஆணிவேர் வேகமாக இறங்கும். நாற்றுப் பையில் வளர்த்து நாள்கடத்தினால் வேர் சுருண்டுவிடும் என்பதால் புரட்டாசி, ஐப்பசி மழையில் நேரடியாக நிலத்தில் விதைப்பதே நல்லது. கரிசலில் மேடாக்கி ஊன்றுங்கள். நீர் தேங்கினால் வேர் அழுகும்.

இலை தின்னும் பச்சைப் புழுவுக்குத் தயவுசெய்து மருந்தடிக்காதீர்கள். அது வண்ணத்துப்பூச்சியாகும், செடியும் துளிர்த்துவிடும். பொங்கல் காப்புக்கு நுனிக்கொப்பைக் கத்தியால் வெட்டுங்கள். ஒடித்து இழுத்தால் பட்டை உரியும்.