ஆச்சி வீட்டு மெஷினும் அடிநூல் சிக்கலும்

அக்டோபர் 3, 2024, வியாழன்

தீபாவளிக்கு இன்னும் நான்கு வாரம். வெட்டி வைத்த ஜாக்கெட் துணி பதினொன்று மேஜையில் கிடக்கிறது. இன்று காலை பார்த்து என் மெஷின் நின்றுவிட்டது. பெடலை மிதித்தால் அரைச் சுற்றுப் போய் டக்கென்று பிடித்துக்கொள்கிறது. துணிக்கு அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். நூல் பந்து போலச் சுருண்டு ஊசித் தகட்டுக்குக் கீழே போயிருந்தது.

இந்த இடத்தில்தான் பலரும் வீலைப் பலங்கொண்ட மட்டும் திருப்புகிறார்கள். திருப்பவே கூடாது. சிக்கிய நூல் இன்னும் இறுகும், ஊசி வளையும், வளைந்த ஊசி எதிலாவது போய் இடிக்கும். துணிக்கும் தகட்டுக்கும் நடுவில் சின்னக் கத்தரியை விட்டு நூலை அறுத்துத் துணியை முதலில் காப்பாற்றினேன். அப்புறம் மெஷின் தலையைப் பின்னால் சாய்த்து, அடிநூல் பாபின் இருக்கும் கேஸைக் கழற்றி, ஷட்டில் ஓடும் வளையத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். வீலைக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம் பின்னால் என்று அரை அங்குலம் அரை அங்குலமாக ஆட்ட ஆட்ட, நூல் இளகி வந்தது. இரண்டு பக்கத் தாழ்ப்பாளையும் திறந்து ஷட்டிலை வெளியே எடுத்தபோது அதன் முதுகில் இன்னும் ஓர் அங்குலத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதை விட்டிருந்தால் சாயங்காலமே மறுபடி நின்றிருக்கும்.

அடியில் சிக்கினால் எல்லாரும் பாபினைத்தான் சந்தேகப்படுகிறோம். பெரும்பாலும் தப்பு மேல்நூலில்தான் இருக்கும். ஊசி கீழே இறங்கி லேசாக மேலே ஏறும்போது நூல் ஒரு வளையமாக விரியும். ஷட்டிலின் மூக்கு அந்த வளையத்தைப் பிடித்துப் பாபினைச் சுற்றிக் கொண்டுபோகும். அதன் பிறகு, மெஷினின் முன்னால் ஏறி இறங்கும் நூல் இழுக்கும் கை அந்த வளையத்தை முழுவதுமாக மேலே இழுத்துவிட வேண்டும். மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் தகடுகளுக்கு நடுவில் உட்காராமல் வெளியே கிடந்தால் நூல் கண்டிலிருந்து தாராளமாக வந்துகொண்டே இருக்கும், கைக்கு இழுக்கப் பிடிப்பு இருக்காது. இழுபடாத நூல் அடியில் தங்கும். அடுத்த சுற்றில் ஷட்டில் அதையும் சேர்த்துப் பிடிக்கும். நான்கு சுற்றில் பந்து.

காலையில் கலர் மாற்றும்போது, துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்காமலே நூல் கோத்திருந்தேன். பாதம் கீழே இருந்தால் தகடுகள் மூடியிருக்கும், நூல் உள்ளே இறங்காது. பாதத்தைத் தூக்கி மறுபடி கோத்தேன். பத்து நொடி வேலை.

அக்டோபர் 5, சனி

பின் தெரு ஆச்சி ஆள் விட்டிருந்தார்கள். போனேன். வீட்டு நடுமுற்றமான வளவில், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில், வளைந்த மரமூடி போட்ட ஒரு பெட்டி இருந்தது. மூடியைத் தூக்கினால் கைப்பிடி வைத்த சிங்கர். கருப்பு உடம்பில் தங்கப் பூ வேலை பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

"இது சுத்தவே மாட்டேங்குதும்மா. முனீஸ்வரன் கோயில் தெருக் கடைக்காரர் அடுத்த வாரம் வந்து பாக்குறேன்னார். பையன் மெட்ராஸ்லேருந்து போன் பண்ணி, குடுத்துருங்கங்குறான். அதுக்கு முன்னால நீ ஒரு தரம் பாரேன்."

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெரு அது. அங்கே போனால் இது ஏதாவது ஹோட்டல் வரவேற்பறையில் அலங்காரமாகத்தான் நிற்கும், இனித் தைக்காது.

மேடைத் தகட்டில் இருந்த எண் ஒய் என்ற எழுத்தில் தொடங்கியது. அப்படியென்றால் இது ஸ்காட்லாந்தின் கிளைட்பேங்க் தொழிற்சாலையில் 1921க்கும் 1935க்கும் இடையில் செய்தது. அந்தத் தொழிற்சாலை 1980இல் மூடப்பட்டது. ஆனால் அதற்காக வந்த ரயில் நிலையம் இன்றும் சிங்கர் என்ற பெயரோடுதான் இருக்கிறது. ஆச்சியின் மாமனார் ரங்கூனில் கொண்டுவிற்க, அதாவது வியாபாரத்துக்கு, போயிருந்தபோது வாங்கியதாம். ஜப்பான்காரன் வருகிறான் என்று எல்லாரும் பர்மாவை விட்டுக் கிளம்புவதற்குச் சில வருஷம் முன்பே கப்பலில் அனுப்பிவிட்டாராம். "அதனால மெஷின் வந்து சேந்துச்சு. அங்க இருந்த வேற எதுவும் வரலை" என்றார்கள்.

கைப்பிடியைத் தொட்டேன். ஒரு மயிரிழை கூட அசையவில்லை. வற்புறுத்தவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

மதியம் முழுக்க ஆச்சி வீட்டில்தான். இதில் என் மெஷினைப் போல வட்டப் பாபின் கிடையாது. பென்சில் துண்டு போல நீளமான பாபின், அது உள்ளே போகத் துப்பாக்கித் தோட்டா மாதிரி ஒரு ஷட்டில். மேடையில் இருக்கும் வழுக்குத் தகட்டைத் தள்ளினால் ஷட்டில் தெரியும். ஒரு தொட்டில் அதைத் தாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் வளைவாக ஆடும்.

தகட்டைத் தள்ளவே கால் மணி நேரம் ஆனது. எங்கு பார்த்தாலும் தேன் நிறத்தில் பிசின். மோந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்! மெஷின் இறுகுகிறது என்று ஒவ்வொரு தடவையும் யாரோ நல்ல மனதோடு ஊற்றியிருக்கிறார்கள். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் எதுவுமே மெஷினுக்கு ஆகாது. நாள்பட்டால் காற்றுப் பட்டு இறுகிப் பசையாகிவிடும். நிறமில்லாத மெஷின் எண்ணெய் மட்டும்தான்.

ஒரு பாட்டிலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் இருந்தது. எண்ணெய் விடும் ஒவ்வொரு ஓட்டையிலும், அசையும் ஒவ்வொரு மூட்டிலும் சொட்டுச் சொட்டாக விட்டு ஊற வைத்தேன். பழைய பல் துலக்கும் பிரஷ், கோழி இறகு, துணிக் கந்தல், இவ்வளவுதான் ஆயுதம். தங்கப் பூ இருக்கும் பக்கம் ஸ்பிரிட் மட்டும் போடவே கூடாது. மேலே பூசியிருக்கும் அரக்கு வார்னிஷ் கரைந்து பூவும் சேர்ந்து போய்விடும்.

நான்கரை மணிக்குக் கைப்பிடி நகர்ந்தது. முதலில் ஒரு விரற்கடை, அப்புறம் கால் சுற்று. ஆச்சி முகப்பிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்கள்.

தொட்டிலின் அடியிலிருந்து இடுக்கியால் நூல் திரட்டு ஒன்றை எடுத்தேன். நெல்லிக்காய் அளவு. வெள்ளை, காக்கி, நடுவில் ஒரு பச்சை. பச்சையைப் பார்த்ததும் ஆச்சி, "இது திண்டு உறை தச்ச நூலு" என்றார்கள். மேடை போன்ற கூடமான பட்டாலையில் இன்னும் அந்தத் திண்டு கிடக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

மண்ணெண்ணெயைத் துடைத்து எண்ணெய் விட்டதில் மெஷின் இப்போது சத்தமில்லாமல் ஓடுகிறது. பெட்டியில் இருந்த மரக்கட்டை நூலைக் கையால் இழுத்தேன், பொட்டென்று அறுந்தது. பழைய பருத்தி நூல் இற்றுப்போய்விடும், அதைப் போட்டால் ஊசிக்குப் பக்கத்தில் அறுந்துகொண்டே இருக்கும். என் நூலைப் போட்டேன்.

ஊசியையும் மாற்றினேன். பழைய ஊசியின் தட்டைப் பக்கம் தவறான திசையில் இருந்தது. எந்தப் பக்கம் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும். ஆனால் ஒரு விதி எல்லாவற்றுக்கும் பொருந்தும். நீளப் பள்ளம் இருக்கும் பக்கத்திலிருந்து நூலைக் கோக்க வேண்டும், தட்டைப் பக்கம் ஷட்டில் கடந்துபோகும் பக்கம் இருக்க வேண்டும். நூறு வருஷத்து மெஷினுக்கு இன்று கடையில் கிடைக்கும் சாதாரண வீட்டு மெஷின் ஊசியே சரியாக உட்காருகிறது. 16ஆம் நம்பர் போட்டேன்.

ஷட்டிலில் நூல் பிளவில் இறங்கி ஸ்பிரிங்குக்கு அடியில் நுழைந்து வெளியே வர வேண்டும். வந்தது. இரண்டு நூல் நுனியையும் பின்பக்கம் பிடித்துக்கொண்டு மூன்று தையல் போட்டேன். பழைய மெஷின் எதுவானாலும் இந்த மூன்று தையல் முக்கியம். நுனியை விட்டுவிட்டால் அது உள்ளே இழுபட்டு ஆரம்பத்திலேயே சுருளும்.

நாலு அங்குலம் அழகாகத் தைத்தது. அஞ்சாவது அங்குலத்தில் சிக்கல். நூலை எடுத்துவிட்டு மறுபடி தைத்தேன். இந்தத் தடவை மூன்று அங்குலம். மேல் டென்ஷனை இறுக்கிப் பார்த்தேன், தளர்த்திப் பார்த்தேன். எதற்கும் அசையவில்லை.

அக்டோபர் 9, புதன்

இரண்டு ஜாக்கெட்டுக்குக் கை வைத்தேன். ஆச்சி வீட்டுக்குப் போக நேரமில்லை. மனசு மட்டும் அந்தத் தொட்டிலையே சுற்றுகிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. என் மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், பூ. ஆச்சியும் அந்த மெஷினை வளவில் வைத்துப் பூஜை செய்திருந்தார்கள். ஓடாத மெஷின் என்று ஒதுக்கவில்லை. சந்தனத்தை டென்ஷன் தகட்டுக்கு மேல் வைக்காமல் உடம்பில் மட்டும் வையுங்கள் என்று முன்பே சொல்லியிருந்தேன். காய்ந்த பொடி தகடுகளுக்கு நடுவில் போனால் தகடு மூடாது, மேல்நூல் தொளதொளவென்று போய் அடியில் வளையம் விழும். பூஜை முடிந்த வாரத்தில் இந்த ஒரு காரணத்தால் நின்ற மெஷின்களைப் பார்த்திருக்கிறேன்.

இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு தயக்கம் காட்டிய காந்தியே 1924இல் சிங்கர் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனிதக் கையின் உழைப்பைப் பிடுங்காமல் அதற்குத் துணையாக நிற்கிற பொருள் என்பதால்தான் என்று எனக்குத் தோன்றும். கைப்பிடியைச் சுற்றும்போதெல்லாம் அந்த நினைப்பு வருகிறது.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. ஷட்டிலை மட்டும் கைக்குட்டையில் முடிந்துகொண்டு காரைக்குடி போனேன். எனக்குப் பதினைந்து வருஷமாக மெஷின் பார்த்துத் தரும் மெக்கானிக் அண்ணன் கடையில் கூட்டம். அவர் ஷட்டிலை வாங்கி, ஒரு வார்த்தை பேசாமல், டப்பாவிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து மூக்கில் தேய்த்தார். பஞ்சு ஒட்டிக்கொண்டு நின்றது.

"பாத்தியாம்மா? இதான்."

மூக்கு நுனியில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு. ஊசி வளைந்திருந்தபோது யாரோ வீலைத் திருப்பியிருக்கிறார்கள், ஊசி மூக்கில் இடித்திருக்கிறது. அந்தப் பிசிறு நூலின் இழைகளுக்கு நடுவில் குத்தி ஒன்றிரண்டை மட்டும் பிடித்துக்கொள்கிறது. இந்த வகை மெஷினில் நூல் வளையம் ஷட்டிலின் உடம்பு மேல் முழுக்க வழுக்கி, ஷட்டிலுக்கும் தொட்டிலுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய இடைவெளி வழியாக வெளியேற வேண்டும். அதனால்தான் ஷட்டில் தொட்டிலில் இறுக்கமாக இல்லாமல் லொடலொடவென்று கிடக்கிறது. தளர்ந்துவிட்டதோ என்று நான் நினைத்தது தப்பு, அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஓர் இழை மூக்கில் மாட்டினால் வளையம் வழுக்காது. நான் டென்ஷனைத் திருகித் திருகி என்ன ஆகப்போகிறது?

ஜீரோ நம்பர் எமரித் தாளில் ஒரு விரல் அகலம் கிழித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. "எண்ணெய் தொட்டுத் தேய். நுனியை மழுக்கிறாத. பஞ்சு வழுக்குனா போதும், நிறுத்திரு."

அக்டோபர் 13, ஞாயிறு

விளக்கடியில் உட்கார்ந்து ஷட்டிலைத் தேய்த்தேன். பத்துத் தடவை தேய்த்து, துடைத்து, பஞ்சு. மறுபடி பத்து. நான்காவது சுற்றில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. கடைசியாகப் பழைய பெல்ட் தோலில் இழுத்து மெருகேற்றினேன்.

ஆச்சி வீட்டில் பூட்டினேன். கண்டாங்கிச் சேலைக் கிழிசல் ஒன்றை இரண்டாக மடித்து வைத்துச் சுற்றினேன். கண்டாங்கி நல்ல கெட்டிப் பருத்தி, அதில் ஓடினால் எதிலும் ஓடும். ஒரு முழம், சிக்கல் இல்லை. திருப்பி இன்னொரு முழம். அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். மேலே எப்படியோ கீழேயும் அப்படியே, எள் வரிசையாக வைத்த மாதிரி.

வளைந்த ஊசியோடு வீலைத் திருப்பியது யாராக இருக்கும் என்று கேட்டேன். ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

"பெரியவன்தான். மூணாங்கிளாஸ் படிக்கையில காத்தாடிக்கு வால் தைக்கிறேன்னு ஊசியை ஒடிச்சான். அன்னைக்கு மூடுனதும்மா."

மெட்ராஸ் பையனுக்கு இப்போது அறுபது வயது.

அக்டோபர் 20, ஞாயிறு

கடைக்காரர் புதன்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போனாராம். விற்கிற எண்ணமில்லை என்று ஆச்சி காபி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள்.

இன்று நான் போனபோது பட்டாலையில் பாய் விரித்து, மெஷினை முன்னால் வைத்துக்கொண்டு தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார்கள். வலது கை கைப்பிடியில், இடது கை துணியில். ஒவ்வொரு ஓரம் தொடங்கும்போதும் நிறுத்தி, நூல் நுனி இரண்டையும் பின்னால் இழுத்துப் பிடித்து, மூன்று தையல் போட்டுவிட்டுத்தான் விடுகிறார்கள். நான் அதைச் சொல்லவே இல்லை. முடிக்கும்போது நூல் இழுக்கும் கை உச்சியில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் துணியை எடுக்கிறார்கள். அதையும் நான் சொல்லவில்லை.

நீளப் பாபின் இரண்டுதான் இருக்கிறது. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு சுற்றி வைத்துவிட்டு வந்தேன். சமமாகச் சுற்ற வேண்டும், நடுவில் மேடு விழுந்தால் ஷட்டிலுக்குள் உரசும். மீதி ஆறு ஜாக்கெட் இருக்கிறது. நாளை காலை பித்தான் துளை வேலை.